லோ பண்ணின காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்? எண்ணூர் ரோடு போடும் கணக்கு!

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே தரையோடு தரையாக ஒரு ஹேட்ச்பேக் போனால், பைக்கில் போகிறவர்கள்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் அதிகம். பார்க்க அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற ஒரு சத்தம் உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் 'தடக்'. ஸ்பீடு பிரேக்கரில் 'கர்ர்ர்ர்'. கொஞ்ச நாள் கழித்து, பள்ளமே இல்லாத இடத்திலும் 'கடகட'.

அப்புறம் ஒர்க் ஷாப். ராயபுரமோ, தண்டையார்பேட்டையோ, திருவொற்றியூரோ... பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"அண்ணே, ஷாக் போயிடுச்சு. புதுசு போடணும்."

"போன வருஷம்தானே தம்பி போட்ட?"

"ஆமாண்ணே, அதான் புரியல."

"ஷாக்க சொல்லி இன்னா பண்றது? வண்டிய கீழ இறக்கிட்ட. உசரமா நிக்கிற வண்டிக்கு செஞ்ச ஷாக்கையே திரும்பத் திரும்ப மாட்டினா, அது எத்தினி நாள் தாங்கும்?"

மெக்கானிக் அண்ணன் சொல்வதில் முழு விஷயமும் இருக்கிறது. லோ பண்ணின காருக்கு ஷாக் வாங்குவது, சாதாரண காருக்கு வாங்குவது மாதிரி கம்பெனி பெயரையும் மாடலையும் சொல்லி பெட்டியை வாங்கி வருகிற வேலை இல்லை. தினமும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போகிற கார் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

எடையைத் தாங்குவது ஷாக் அல்ல

நிறைய பேர் நினைப்பது போல, காரின் எடையைத் தூக்கி நிறுத்துவது ஷாக் அப்சார்பர் இல்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருமுறை அமுக்கினால் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்ன துளைகளும் வால்வுகளும், சுற்றிலும் எண்ணெய். கார் ஆடும்போது பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் அந்தச் சின்ன வழியில் கஷ்டப்பட்டு நுழைந்து வெளியேறும்போது, ஆட்டம் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள். மோசமான ரோட்டில் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு ஷாக்குகளையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். ஷாக் செத்தாலும் வண்டி ஒப்பேற்றிக்கொண்டு ஓடும். இன்றைய சின்ன கார்களில் சுருள் ஸ்பிரிங். அதில் அந்த உரசல் கிடையாது. ஷாக் போனால் ஆட்டத்தைப் பிடிக்க வேறு ஆளில்லை. டயர் ரோட்டைவிட்டுத் துள்ளும். துள்ளுகிற டயருக்கு பிரேக் பிடிக்காது. முன்னால் போகிற டிரெய்லர் திடீரென நிற்கும்போது, கூடுதலாக ஓடுகிற அந்த சில அடிகள்தான் இங்கே உண்மையான பிரச்னை. சத்தமெல்லாம் அப்புறம்.

இந்த ரோடு ஏன் இப்படி?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், கார் ஏற்றுமதி, கன்டெய்னர் யார்டுகள் எல்லாவற்றுக்குமான சரக்கு இந்த வட்டாரத்துச் சாலைகளில்தான் போய் வருகிறது. எண்ணூர் விரைவுச்சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை மூன்றும் அகலப்படுத்தப்பட்டதே துறைமுக லாரிகளுக்காகத்தான்.

லாரி போனால் ரோடு என்ன ஆகும் என்பதற்கு உலகப்புகழ் பெற்ற ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் தனியாகச் சோதனைச் சாலைகள் போட்டு, வெவ்வேறு எடையுள்ள லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ரோட்டுக்கு ஏற்படும் சேதம், அச்சின் மேல் உள்ள எடையின் நான்காம் அடுக்குக்கு நெருக்கமாக ஏறுகிறது என்று தெரிந்தது. ஒரு சின்ன காரின் அச்சில் அரை டன், டிரெய்லரின் அச்சில் 10 டன் என்று வைத்துக்கொண்டால், எடை 20 மடங்கு. சேதமோ 20-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 1,60,000 மடங்கு! ஆக, இந்த ரோட்டை உடைப்பது கார்கள் இல்லை. உடைந்த ரோட்டில் அடிபடுவது மட்டும் கார்கள்.

அடி எப்படி விழுகிறது என்பதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. கனரக வண்டிகள் போகிற தடத்தில் தார் அமுங்கி இரண்டு பள்ளக் கோடுகள் விழும். நடுவில் ஒரு மேடு எழும்பி நிற்கும். உயரமான கார் அதை கவனிக்கவே கவனிக்காது. தாழ்வான காரின் அடிவயிற்றில், சரியாக இன்ஜின் ஆயில் சம்ப் இருக்கிற இடத்தில் அது உரசும். சம்ப் கிழிந்து ஆயில் கொட்டியதைக் கவனிக்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், ஷாக் விலையைப் பற்றிய கவலையே இருக்காது. இன்ஜின் வேலைக்கு எவ்வளவு என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

ஸ்பீடு பிரேக்கர் கதை வேறு. இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி போட்ட வட்டவடிவ மேடு 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கும். வளைவின் ஆரம் 17 மீட்டர். சுமார் 2.4 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஒரு சின்ன கார் அதன் உச்சியில் நிற்கும்போது, நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மேல்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சக்கரங்களைவிட மேட்டின் நடுப்பகுதி வெறும் 4 செ.மீ. சொச்சம்தான் உயர்ந்திருக்கும். 12 செ.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள லோ காரும் மெதுவாகப் போனால் தாராளமாகத் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பது அந்த மேடா என்ன? வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று யாரோ ஒரே ராத்திரியில் சிமென்ட் போட்டு எழுப்பிய குறுகலான திண்ணை அது. முன்சக்கரம் இறங்கின பிறகும் திண்ணை முழு உயரத்தோடு காருக்கு அடியில் நிற்கும். 10 செ.மீ. என்றால் 10 செ.மீ.

தாழ்ந்த கார் மேல் உள்ள ஆசை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். அங்கேதான் பல ஆண்டுகள் கார், பைக் ரேஸ்கள் நடந்தன. கூட்டம் கூட்டமாக மெட்ராஸ் ஜனம் பார்க்கப் போனது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வந்தபிறகு ஆட்டம் அங்கே மாறியது. ரேஸ் காரைத் தாழ்த்துவதில் அர்த்தம் இருக்கிறது. எடையின் மையம் கீழே வந்தால் வளைவில் சாயாது. ஆனால், விமானம் ஓடிய தளம் சமதளம். திருவொற்றியூர் ஹைரோடு அப்படியா?

40 மில்லிமீட்டரில் என்ன போகிறது?

ஒரு கற்பனைக் கார். சக்கரம் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பரை இடிப்பதற்கு முன் 80 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஸ்டாப்பர் என்பது ஷாக் கம்பியில் கோத்திருக்கும் ரப்பர் போன்ற உருளை. உலோகத்தோடு உலோகம் மோதாமல் கடைசியில் காப்பாற்றுவது அதுதான். காரை 40 மி.மீ. இறக்கினால் அந்த இடம் பாதியாகிவிடும்.

இடம் பாதியானால் அதே பள்ளத்தின் இடியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தால் போதுமா? போதாது. 4 மடங்கு வேண்டும். ஸ்பிரிங்கில் சேரும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது என்பதுதான் காரணம். பிளஸ் டூ இயற்பியல் படித்த வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 4 மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் மாட்டு வண்டியில் போவதுபோல இருக்கும், யாரும் போட மாட்டார்கள். கடையில் வரும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அசலைவிடக் கொஞ்சம்தான் விறைப்பு. மீதி இடியை யார் வாங்குகிறார்கள்? பம்ப் ஸ்டாப்பரும் ஷாக்கின் வால்வும்.

இப்போது குடும்பத்தை ஏற்றுங்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான். பின் அச்சுக்குக் கூடுதலாக 200 கிலோ, ஒரு பக்கத்துக்கு 100 கிலோ. ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ தாங்கும் என்றால், கார் 50 மி.மீ. உட்காரும். அசல் உயரத்தில் இருந்தால் மிச்சம் 30 மி.மீ. இருக்கிறது, சமாளிக்கலாம். 40 மி.மீ. இறக்கி, 2.5 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் போட்ட காரில்? 100 கிலோவுக்கு 40 மி.மீ. உட்காரும். மிச்சம் இருந்ததும் 40. அதாவது, வடிவுடையம்மன் கோயிலுக்குக் கிளம்பிய குடும்பம் வீட்டு வாசலிலேயே பம்ப் ஸ்டாப்பர் மேல் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு வருகிற ஒவ்வொரு குழியும் ஸ்பிரிங்கைத் தாண்டி பாட்டியின் இடுப்புக்கே நேராகப் போகும்.

லோ கார் ஓட்டுபவர் தனியாகப் போகும்போது 'வண்டி சூப்பரா இருக்கே' என்று நினைப்பதும், வீட்டில் உள்ளவர்கள் 'இந்தக் காரே வேணாம்' என்று சொல்வதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

வெட்டின ஸ்பிரிங்கா? ஷாக் பேச்சை நிறுத்துங்கள்

ஷாக் வாங்குவதற்கு முன் காரை எப்படி இறக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் லோ கார் வாங்கியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். முந்தைய ஓனர் என்ன செய்தார் என்பது காருக்கு அடியில் போனால்தான் தெரியும்.

கொஞ்சம் செலவழித்தவர்கள் அந்த மாடலுக்கென்றே வரும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். செலவழிக்க மனமில்லாதவர்கள் அசல் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவிகிதம் ஏறும். அதுகூடப் பரவாயில்லை. வெட்டின முனை, ஸ்பிரிங் உட்கார வேண்டிய கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் இடத்தைவிட்டு நழுவித் திரும்பும். மேலே வரும்போது கோணலாக உட்காரும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, காஸ் வெல்டிங் சுடரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி உட்கார வைப்பது. ஸ்பிரிங் எஃகின் வலிமையே அதைத் தயாரிக்கும்போது கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒருநாள் உடையும். எப்போது என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஸ்பிரிங் மேல் உலகத்திலேயே நல்ல ஷாக்கைப் போட்டாலும் காசு வேஸ்ட். முதலில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

கண்டுபிடிக்க எளிதான சோதனை ஒன்று. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால், ஒன்று ஸ்பிரிங் தவறு, அல்லது ஷாக் அந்த ஸ்பிரிங்குக்கு அதிக நீளம்.

இன்னொரு சோதனை இன்னும் சுவாரஸ்யம். கண்ணுக்குத் தெரிகிற ஷாக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை லேசாகக் கட்டிவிடுங்கள். தினமும் போகிற பாதையில் வீட்டு ஆட்களோடு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து பார்த்தால், அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியும். பம்ப் ஸ்டாப்பர் வரைக்கும் போய் நசுங்கியிருந்தால், இடம் தீர்ந்துவிட்டது. ஐந்து ரூபாய்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ஷாக் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

சரி, எதை வாங்குவது?

20, 25 மி.மீ. அளவுக்குத்தான் இறக்கியிருக்கிறீர்கள், ஸ்பிரிங்கும் ஒழுங்கானது என்றால், அசல் அளவில் வரும் நல்ல ஷாக்கே போதும். கார் கம்பெனியின் ஒரிஜினல் பார்ட், அல்லது 1961 முதல் இந்தியாவில் ஷாக் தயாரிக்கும் கேப்ரியல் போன்றவை. இவை பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெய். ரைடு மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. ஆயுள் மட்டும் அசல் உயரத்தில் இருப்பதைவிடக் குறையும். அதை ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

30, 40 மி.மீ. இறங்கின காருக்கு அது சரிவராது. இரண்டு காரணம். கம்பி எப்போதும் பாதி உள்ளேயே போய் நிற்பதால், பிஸ்டன் அடித்தட்டை நெருங்கியே வேலை செய்கிறது. அடுத்தது, ஸ்பிரிங் விறைப்பாகும்போது அதன் துள்ளலும் பலமாகும். அந்தத் துள்ளலைப் பிடிக்க ஷாக் மேலே விரிகிற பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் பிடி வேண்டும். ஸ்பிரிங் 20 சதவிகிதம் விறைத்தால் ஷாக்கின் பிடி சுமார் 10 சதவிகிதம் ஏற வேண்டும் என்பது கணக்கு. அசல் ஷாக்கில் அது இருக்காது. அதனால்தான் கார் பள்ளத்தில் 'தொப்'பென்று விழுவதைவிட, விழுந்தபிறகு 'துள்'ளென்று எழுவது எரிச்சலாக இருக்கிறது.

இதற்கென்றே உடல் குட்டையான ஷாக்குகள் உண்டு. ஜெர்மனியின் பில்ஸ்டீன் கம்பெனியின் பட்டியலைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பி4 என்பது அசலுக்கு மாற்று. பி6 என்பது அசல் உயரத்துக்கான பலமான ஷாக். பி8 என்பது அதே பலத்தோடு, லோயரிங் ஸ்பிரிங்குக்காகவே நீளம் குறைத்துச் செய்தது. நெதர்லாந்தின் கோனியில் மஞ்சள் நிற ஷாக்குகளுக்குத் துள்ளல் பிடியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. இவையெல்லாம் நம்மூரில் ஓடும் எல்லாச் சின்ன கார்களுக்கும் கிடைத்துவிடாது. மாடல் எண்ணைப் பட்டியலில் பார்த்து, 'இத்தனை மில்லிமீட்டர் இறக்கின காருக்கு' என்று கம்பெனியே எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம். 'ஃபிட் ஆயிடும் சார்' என்கிற வாக்குறுதியை நம்பி வாங்கக் கூடாது. மாட்ட முடிவதும் பொருந்துவதும் வேறு வேறு.

கேஸ் ஷாக் பற்றி ஒரு வேடிக்கை. ஒற்றைக் குழாய் ஷாக்கில் நைட்ரஜனை அதிக அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். எண்ணெய் நுரைக்காமல் இருக்க அது உதவும். மோசமான ரோட்டில் வேகமாக ஆடும்போது அதுதான் பலம். ஆனால், அந்த அழுத்தம் கம்பியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 25 பார் அழுத்தம், 11 மி.மீ. தடிமன் கம்பி என்றால் சுமார் 24 கிலோ தள்ளல். கஷ்டப்பட்டு இறக்கின கார், புது ஷாக் போட்டவுடன் சில மில்லிமீட்டர் மேலே ஏறி நிற்கும். 'அண்ணே, இன்னாண்ணே ஏறிடுச்சு?' என்று கேட்பவர்கள் உண்டு. தினசரி ஓட்டுகிற காருக்கு அது இலவசமாகக் கிடைத்த நல்ல விஷயம்.

அடுத்தது காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வந்து, மரையைத் திருகி உயரத்தை மாற்றலாம். இளைஞர்களின் கனவு. இதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் தட்டைக் கீழே இறக்கி உயரம் குறைக்கும் வகையில், கார் இறங்கும் அளவுக்கு ஷாக்கின் இடமும் குறையும். அடியில் இருக்கும் பிராக்கெட்டைத் திருகி மொத்த நீளத்தையே குறைக்கும் வகையில், ஷாக்குக்குள் இருக்கும் இடம் அப்படியே இருக்கும். வாங்கினால் இரண்டாவது வகை. ஆனால், கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தலைவலி. எண்ணூர் கடற்கரையை ஒட்டிய உப்புக் காற்றில் அந்த மரை இறுகித் துருவேறிவிட்டால் அப்புறம் எந்த ஸ்பேனரும் அசைக்காது. உயரம் மாற்றலாம் என்று கூடுதலாகக் கொடுத்த காசு அதோடு போச்சு.

பழசை ரீகண்டிஷன் செய்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. சீல் செய்து வந்த கார் ஷாக்கில் துளை போட்டு, ஏதோ ஒரு எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து மூடுவது அது. பைக்கின் முன்ஃபோர்க்கில் சீல் மாற்றுவது போன்ற வேலை இல்லை இது. வேண்டாம். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் புது ஷாக் வாங்கும்போதும், எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், பார்ட் நம்பர், ஜி.எஸ்.டி. பில் மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள். ஒன்று போனாலும் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'பேசாமல் அசல் ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டால்?' என்று கேட்டால், தினமும் நான்கு பேர் போகிற காருக்கு அதுதான் சிறந்த பதில். பாதி வழியும் உண்டு. 40-க்குப் பதில் 20 மி.மீ. மட்டும் இறங்கும் ஸ்பிரிங். அழகும் கொஞ்சம் இருக்கும், பாட்டியும் ஏறுவார்.

உப்பும் எண்ணெயும்

உப்பு, மரையை மட்டும் கெடுப்பதில்லை. ஷாக் கம்பியின் மேல் பளபளவென்று குரோம் பூச்சு இருக்கும். அதைச் சுற்றி ரப்பர் பூட். பூட் கிழிந்தால் உப்பும் மணலும் கம்பியில் ஒட்டி, குண்டூசி முனை அளவில் துருப் புள்ளிகள் வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் புள்ளி ஆயில் சீலை அரம் மாதிரி ராவும். பிறகு எண்ணெய்க் கசிவு. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் காரை வெளியில் நிறுத்துகிறவர்கள் ஷாக் வாங்கும்போது பூட்டையும் பம்ப் ஸ்டாப்பரையும் கண்டிப்பாகப் புதிதாக வாங்க வேண்டும். விலை சொற்பம். பழசையே மாட்டி மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத சிக்கனம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்து எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளின் அடியில் உள்ள ரப்பர் புஷ்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகிப் பிய்ந்துவிடும். அப்போது வரும் 'கடகட' சத்தத்துக்கு ஷாக்கை மாற்றிப் பயனில்லை. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், மேல் மவுன்ட் பேரிங் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஷாக் மேல் பழி போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அசல் அளவிலான ஷாக்கைப் புதிதாக மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. அதில் சிக்கல் இல்லை. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையில் உட்கார வைப்பது வேறு. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து குனிந்து பார்க்கும்போது, அவரிடம் சொல்லாத மாற்றங்கள் க்ளெய்மைச் சிக்கலாக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்... கொஞ்சம் தள்ளி!

முன்பக்க ஷாக்கை மாற்ற ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்ட வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் ஒரு வெடி மாதிரி. கிளாம்ப் நழுவினால் எலும்பு முறியும். வீட்டு வாசலில் கயிறு கட்டிச் செய்கிற வேலை இல்லை. ஒழுங்கான கம்ப்ரஸர் உள்ள ஒர்க் ஷாப்பில், குழந்தைகளை அழைத்துப் போகாமல் செய்யுங்கள்.

லோ காரில் மெக்கானிக்குகளே சிலசமயம் கோட்டைவிடுகிற ஒரு விஷயம் உண்டு. லோயர் ஆர்ம், பின்பக்க பீம் இவற்றின் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கி, அது நிற்கிற உயரத்தில் நின்றபிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். 'அண்ணே, கீழ இறக்கிட்டு டைட் பண்ணுங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நோக்கும் மாறும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது லோ கார்களின் பொதுவான நோய். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும், உள்பக்கம் கம்பி தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பதை மாதம் ஒருமுறை பழக்கமாக்கிக்கொள்ளலாம். ரொம்பவும் இறக்கிய கார்களில் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வளைவில் கார் குறைவாகச் சாய்வதற்குப் பதில் அதிகமாகச் சாய்கிற விபரீதமும் நடக்கும். கார் சாய்வதற்கான மையப்புள்ளி, எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுவதுதான் காரணம். இதற்கு ஷாக்கில் மருந்து இல்லை, உயரத்தை ஏற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஹெட்லைட். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்காது. பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருகிற டூ வீலர்காரரின் கண்ணில் அடிக்கும். இருட்டியபிறகு சமதளத்தில், சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீமை அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்துக்குச் சற்று கீழே விழ வேண்டும். பல கார்களில் டேஷ்போர்டிலேயே அதற்கு ஒரு திருகு உருளை இருக்கும். இல்லாத காரில் லைட்டின் பின்னாலுள்ள ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அலைன்மென்ட் கடையில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.